அடோபேன்னா மண்வீடுன்னு மட்டும் அர்த்தம் இல்ல: ஒரு ஸ்பானிஷ் கட்டடச் சொல்லோட பிறப்பும் இன்னைக்கு அது சுமக்குற அர்த்தங்களும்

அடோபின்னு தேடுனா ஃபோட்டோஷாப்பும் பிடிஎஃப்பும்தான் முதல்ல வரும். அதே சொல் நிலநடுக்கச் செய்தியில "அடோபி வீடுகள் இடிஞ்சு விழுந்துச்சு"ன்னு வருது, யுனெஸ்கோ பட்டியல் பத்தி படிச்சா "அடோபி நகரம்"னு வருது, மணிலா சர்ச் பத்தி படிச்சா "அடோபி கல்"னு வருது, வீடு கட்டுற யூடியூப் வீடியோக்கள்ல மண்ணு கலந்த எல்லாத்துக்குமே அதே பேர்தான். இதெல்லாம் ஒண்ணா? இல்ல. சில இடத்துல ஒரே பொருள், சில இடத்துல முழுசா வேற பொருள். இதைப் பிரிச்சுப் பார்க்கலேன்னா சுவருக்கு எதைப் பூசணும், நிலநடுக்கத்துல எது விழும்ங்கிற விஷயங்கள்லயே தப்பு நடக்குது, நடந்தும் இருக்கு. அதனால அடியிலேர்ந்து போவோம்.

பொருள் என்ன

ஸ்பானிஷ்ல இதை ஏறத்தாழ "அதோபே"ன்னு சொல்வாங்க, இங்கிலீஷ் வழியா வந்ததுதான் அடோபி. களிமண், மணல், வண்டல் மூணும் கலந்த மண்ணைத் தண்ணி விட்டு மிதிச்சுப் பிசைஞ்சு, பெரும்பாலும் வைக்கோலைத் தூவி, அடியில்லாத மர அச்சுல அடைச்சு, அச்சை உருவிட்டு வெயில்ல காயப்போட்டா வர்ற கல்தான் அடோபே. நெருப்பே கிடையாது. நம்ம சூளையில வேகவைக்கிறதுக்கு முன்னாடி பச்சைக்கல்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அந்த நிலைதான், ஆனா இது சூளைக்குப் போகாம நேரா சுவருக்குப் போயிடும். அமெரிக்காவோட நியூ மெக்சிகோ மாநிலத்துல வழக்கமான அளவு 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 4 அங்குல உயரம், ஒரு கல்லு 13லேர்ந்து 16 கிலோ வரைக்கும் இருக்கும். ரெண்டு மூணு நாள்ல கல்லைத் திருப்பி விளிம்புல நிக்கவெச்சுடுவாங்க, உள்ள இருக்கிற ஈரம் முழுசா போக அதுக்கு மேல சில வாரம் ஆகும்.

இதோட குழப்பிக்கிற மூணு விஷயம் இருக்கு:

1. சுட்ட செங்கல். ஸ்பானிஷ்ல இதுக்கு "லத்ரியோ"ன்னு தனிச் சொல் இருக்கு, யாரும் இதை அடோபேன்னு சொல்றதில்ல. களிமண் சூட்டுல வெந்துட்டா திரும்ப மண்ணாகாது, அடோபே தண்ணியில ஊறுனா திரும்பவும் சேறுதான்.

2. இடிமண் சுவர். ரெண்டு பக்கமும் பலகை அடைச்சு, நடுவுல லேசான ஈரத்தோட மண்ணைக் கொட்டி இடிச்சு இறுக்குறது, இது "தபியால்". ஸ்பெயின்ல கிரனாடாவுல இருக்கிற அல்ஹம்ப்ரா கோட்டைச் சுவர்ல பெரும்பகுதி இந்த வகைதான், சுண்ணாம்பும் சேர்த்து இடிச்சது. அதை அடோபேன்னு எழுதினா தப்பு.

3. அச்சே இல்லாம ஈர மண்ணைக் கையால வரிவரியா ஏத்தி, ஒரு வரி காஞ்சதும் அடுத்த வரி வைக்கிறது. இதையும் இங்கிலீஷ்ல தாராளமா அடோபின்னுதான் எழுதுறாங்க, ஆனா கல் செஞ்சு அடுக்குற வேலை இதுல இல்ல.

ஆக, கறாரா சொன்னா அடோபேங்கிறது மண்வீட்டுக்குப் பொதுப்பேர் இல்ல. ஒரு குறிப்பிட்ட செய்முறையோட பேர்: பிசை, அச்சுல போடு, வெயில்ல காய வை.

சொல் வந்த வழி

பாக்க அசல் ஸ்பானிஷ் மாதிரி இருந்தாலும் இதோட வேர் நைல் நதிக் கரையில இருக்கு.

1. பழைய எகிப்திய மொழியில செங்கலுக்கு இருந்த சொல்லை இன்னைக்கு அறிஞர்கள் ஏறத்தாழ "ஜெபெத்"னு படிக்கிறாங்க. அந்த எழுத்து முறையில உயிரெழுத்து எழுதுற பழக்கம் இல்ல, நமக்குக் கிடைச்சது மூணு மெய் மட்டும்தான், நடுவுல இருக்கிற "எ" படிக்கிறதுக்காக பின்னாடி சேர்த்தது. எகிப்துல அரண்மனை, வீடு, கிடங்கு எல்லாமே இந்தக் காயவெச்ச கல்லுதான், கோயிலுக்கும் கல்லறைக்கும்தான் பாறை. லக்சர்ல ரெக்மிரேங்கிற அமைச்சரோட கல்லறையில, கிமு 15ஆம் நூற்றாண்டு, இந்த வேலையை முழுசா சுவர்ல வரைஞ்சே வெச்சிருக்காங்க: ஒருத்தர் குளத்துலேர்ந்து தண்ணி மொண்டு வர்றார், இன்னொருத்தர் மண்வெட்டியால சேத்தைக் கொத்திக் கிளர்றார், ஒருத்தர் குனிஞ்சு செவ்வக அச்சுல மண்ணை அடைச்சு வரிசையா கல் போட்டுட்டே போறார். இன்னைக்கு நியூ மெக்சிகோவுல ஒருத்தர் செய்யுற வேலைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. பைபிள்ல யாத்திராகமத்துல வைக்கோல் கொடுக்காம செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாதுன்னு பார்வோன் கட்டளை போடுவானே, அதுவும் இந்த வேலையைப் பத்தினதுதான். காயும்போது கல் வெடிக்காம இருக்க வைக்கோல் உதவும், அது இல்லாம செய்யச் சொல்றது ஏன் கொடுமைன்னு செய்முறை தெரிஞ்சா புரியும்.

2. அந்த எகிப்திய மொழியே காலப்போக்குல காப்டிக் ஆச்சு, முதல் மெய் "த" ஒலியாகி சொல் "தோபே" ஆச்சு.

3. ஏழாம் நூற்றாண்டுல எகிப்துக்கு அரபி வந்துச்சு. காப்டிக் பேசுனவங்ககிட்டேர்ந்து அரபி இந்தச் சொல்லை எடுத்துக்கிட்டு "தூப்" ஆக்கிடுச்சு. இன்னைக்கும் எகிப்துல செங்கல்னா தூப்தான்.

4. 711ல அரபுப் படை ஐபீரியாவுக்குள்ள, அதாவது இன்னைய ஸ்பெயின், போர்ச்சுகல் இருக்கிற நிலத்துக்குள்ள வந்த பிறகு அந்தச் சொல்லும் அங்க போச்சு. அரபியில ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி "அல்" சேரும், ஆனா சில மெய்களுக்கு முன்னாடி "ல்" மறைஞ்சு அடுத்த மெய் இரட்டிக்கும். அல்+தூப் சேர்ந்து "அத்தூப்" ஆகும். அந்த "அத்தூப்" ஸ்பானிஷ் வாயில ஒலி இளகி, "ப்"ல முடியறது அவங்களுக்குப் பழக்கமில்லாததால கடைசியில ஒரு "ஏ" ஒட்டி, "அதோபே" ஆயிடுச்சு.

இந்த "அல்" விஷயம் தெரிஞ்சா இன்னும் பல ஸ்பானிஷ் கட்டடச் சொற்கள் பிடிபடும். அல்கோபா, அதாவது படுக்கை அறை, "அல்-குப்பா"லேர்ந்து வந்தது, மூலத்துல குவிமாடம்னு அர்த்தம், இங்க "ல்" அப்படியே நிக்குது. மொட்டைமாடிக்கு "அசோத்தேயா", பளபளப்பான ஓட்டுக்கு "அசுலேஹோ", இது ரெண்டுலயும் "ல்" கரைஞ்சுபோச்சு. அசுலேஹோ நீல நிறத்தைக் குறிக்கிற "அசுல்"லேர்ந்து வந்ததுன்னு பல பேர் நினைக்கிறாங்க, அது இல்ல, "சுலைஜ்"ங்கிற அரபிச் சொல்தான் மூலம். கொத்தனாருக்கே "அல்பஞீல்", அதுவும் அரபி. கட்டடத் தொழில்ல யார் கை ஓங்கி இருந்துச்சுன்னு இந்தச் சொற்களே சொல்லுது.

ஒரு தப்பான வழியையும் இங்கயே அடைச்சுடலாம். "அதோபோ"ன்னு மசாலா ஊறவெச்ச இறைச்சிச் சமையல் ஒண்ணு உண்டு. மண்ணைப் பிசையற மாதிரி மசாலாவையும் பிசையறதால ரெண்டும் ஒரே சொல்லுன்னு விளக்கம் சொல்றவங்க இருக்காங்க. கேக்க பொருத்தமா இருந்தாலும் உண்மை இல்ல. அதோபோ வந்தது "தயார் பண்ணு, அலங்கரி"ன்னு பொருள்படுற அதோபார் வினையிலேர்ந்து, அதோட வேர் பழைய பிரெஞ்சு, ஜெர்மானியப் பக்கம். ஒலி மட்டும்தான் ஒத்துப்போகுது.

சொல் அரபி, அப்போ கல்லும் அரபியா?

இல்ல. இதுலதான் நிறைய பேர் சறுக்குறாங்க. அரபிகள் வர்றதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே, இரும்புக் காலத்துலயே ஐபீரியாவுல காயவெச்ச மண் கல்லால வீடு கட்டியிருக்காங்க. ரோமானிய எழுத்தாளர் பிளினி ஹிஸ்பானியாவோட, அதாவது ரோமானியர்கள் ஐபீரியாவுக்கு வெச்ச பேர், மண் சுவர்களைப் பத்தி எழுதியே வெச்சிருக்கார். லத்தீன்ல செங்கலுக்கு "லாத்தேர்"னு ஒரே சொல், பச்சையோ சுட்டதோ அடைமொழி போட்டுப் பிரிச்சுக்குவாங்க. அந்த லாத்தேர் வழியில வந்ததுதான் இன்னைய லத்ரியோ, ஆனா அது சுட்ட கல்லை மட்டும் குறிக்குது. சுடாத கல்லோட இடத்தை அரபிச் சொல் எடுத்துக்கிச்சு. ஆக பொருள் பழசு, பேர் மட்டும் மாறிப்போச்சு. ஸ்பெயின்ல காஸ்டில் பகுதியில, குறிப்பா தியேர்ரா தே காம்போஸ் சமவெளியில, கல்லும் மரமும் குறைவுங்கிறதால வீடு, புறாக்கூண்டுக் கட்டடம் எல்லாம் அடோபேவும் தபியாலும்தான்.

அமெரிக்கக் கண்டங்கள்ல என்ன ஆச்சு

அங்கயும் அதே கதைதான், இன்னும் பெரிய அளவுல. ஸ்பானியர்கள் பெருவுக்குப் போனப்ப அங்க ஆயிரக்கணக்கான வருஷமா மண் கல் வேலை நடந்துட்டு இருந்துச்சு. வட பெருவுல மோச்சே மக்கள் கட்டின ஹுவாகா தெல் சோல் மேட்டுல 13 கோடிக்கு மேல அடோபே கற்கள் போயிருக்கும்னு கணக்கிட்டிருக்காங்க. அந்தக் கற்கள்ல புள்ளி, வட்டம், கால் தடம் மாதிரி நூத்துக்கும் மேற்பட்ட விதமான அடையாளங்கள் இருக்கு, எந்த ஊர்க் குழு செஞ்ச கல்லுன்னு கணக்கு வெக்கப் போட்டதா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ஸ்பானியர்கள் உள்ள இருக்கிற தங்கத்துக்காக மோச்சே ஆத்தையே திருப்பி விட்டு அந்த மேட்டைக் கரைச்சாங்க, பெரும்பகுதி போயிடுச்சு. மனசு கனக்குற விஷயம் இது. அடோபேவுக்குத் தண்ணிதான் எமன்னு அவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருந்துச்சு.

அதே பக்கத்துல இருக்கிற சிமூ மக்களோட பழைய தலைநகரம் சான் சான் 1986ல யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியல்ல சேர்ந்துச்சு, அதே வருஷமே ஆபத்துல இருக்கிற இடங்களோட பட்டியலுக்கும் போச்சு. பசிபிக் கடல் வழக்கத்தைவிட சூடாகுற எல் நீன்யோ வருஷங்கள்ல அந்தப் பாலைவனக் கடற்கரையில மழை கொட்டுறதுதான் முக்கியக் காரணம்.

வடக்கே நியூ மெக்சிகோவுல நிலைமை வேற. தாவோஸ் பூவேப்லோங்கிற ஊரோட பழங்குடி மக்கள் முன்னாடி மண்ணைக் கையால வரிவரியா ஏத்திதான் கட்டுனாங்க, மர அச்சும் வைக்கோல் கலந்த ஒரே அளவு கல்லும் அங்க ஸ்பானியர்களோட வந்தது. அதோட மத்த சொற்களும் வந்துச்சு: உத்தரக் கட்டைக்கு "பீகா", அதுக்கு மேல குறுக்கப் பரப்புற குச்சிகளுக்கு "லத்தீயா", மழைத் தண்ணியைச் சுவர்ல படாம தள்ளிவிடுற குழாய்க்கு "கனால்". இந்தக் கனால் அடைச்சுக்கிட்டா போதும், அந்த இடத்துச் சுவர் ஒரே மழைக்காலத்துல அரிச்சுடும்.

அர்த்தம் நகர்ந்த இடங்கள்

இங்கேர்ந்துதான் குழப்பமே ஆரம்பம்.

1. மண்ணோட பேர். அமெரிக்காவோட மேற்குப் பகுதியில ஒட்டுற கனமான களிமண் நிலத்தையே அடோபின்னு சொல்றாங்க. கலிஃபோர்னியாவுல அடோபி கிரீக்னு ஒரு ஓடை இருக்கு, லாஸ் ஆல்டோஸ்ல ஜான் வார்னாக் வீட்டுக்குப் பின்னாடி ஓடுச்சு. அவரும் சார்லஸ் கெஷ்கியும் 1982ல தொடங்கின சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு அந்த ஓடையோட பேரைத்தான் வெச்சாங்க. எகிப்துச் செங்கல் ஃபோட்டோஷாப் வரைக்கும் வந்த வழி இதுதான்.

2. பாறை. பிலிப்பைன்ஸ்ல அடோபேன்னா எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான, லேசா வெட்டக்கூடிய பாறை. மணிலாவுல 1607ல முடிஞ்ச சான் அகுஸ்தீன் சர்ச் அந்தக் கல்லுதான். மண்ணும் இல்ல, அச்சும் இல்ல, வெயில்ல காயவெக்கிறதும் இல்ல. வெளிர் நிறத்துல கட்டியா இருக்கிறதைத் தவிர பொதுவா எதுவும் இல்ல.

3. வடிவம். மெக்சிகோவுல ஹலிஸ்கோ பக்கம் "அதோபேரா"ன்னு ஒரு பாலாடைக்கட்டி, அடோபே அச்சு மாதிரி செவ்வகத்துல வார்க்கிறதால அந்தப் பேர்.

4. தோற்றம். நியூ மெக்சிகோவுல இருக்கிற சாண்டா ஃபே நகரத்துல 1957லேர்ந்து பழைய பகுதிகள்ல கட்டடம் எப்படித் தெரியணும்னு விதி இருக்கு. அதனால அங்க மரச்சட்டத்துல கட்டி மேல மண் நிறத்துல பூச்சு அடிச்ச கட்டடம் எக்கச்சக்கம். அடோபி பாணின்னு விளம்பரம் வரும், உள்ள ஒரு மண் கல்லும் இருக்காது.

5. உலகத்துல இருக்கிற எல்லா மண் கட்டடமும். ஈரான்ல இதே மாதிரிக் கல்லுக்கு "கெஷ்த்"னு பேர் இருக்கு, மாலியில ஜென்னே மசூதியோட மண்ணுக்கு "பான்கோ"ன்னு பேர் இருக்கு, ஆனா செய்தியில எல்லாமே அடோபிதான். அந்தந்த ஊர்ப் பேரும் அதோட நுணுக்கமும் இதுல காணாம போயிடுது.

இதனால என்ன விளைவு

முதல்ல பூச்சு. நியூ மெக்சிகோவுல ராஞ்சோஸ் தே தாவோஸ்ங்கிற ஊர்ல சான் பிரான்சிஸ்கோ தே அசிஸ்னு ஒரு சர்ச் இருக்கு, ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் வரைஞ்சது, புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் படம் எடுத்தது, பின்பக்கம் வழவழன்னு புடைச்சு நிக்கிற முட்டுச் சுவரை எல்லாரும் எங்கயாவது பாத்திருப்பாங்க. வருஷா வருஷம் மண் பூசுற வேலை மிச்சமாகும்னு 1967ல அதுக்கு சிமெண்டு சார்ந்த கெட்டிப் பூச்சு அடிச்சாங்க. நினைச்சது நியாயம்தான், ஆனா நடந்தது வேற. மண் சுவர் ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விட்டுட்டே இருக்கும், வெயில்லயும் குளிர்லயும் லேசா விரிஞ்சு சுருங்கும். கெட்டிப் பூச்சு அதுகூட சேர்ந்து அசையாது, மயிரிழை மாதிரி வெடிப்பு விடும், அது வழியா மழைத்தண்ணி உள்ள போகும், போன தண்ணி திரும்ப வெளிய வர வழி இருக்காது. வெளியே பாக்க சுவர் கட்டுக்குலையாம இருக்கும், உள்ள கல் சேறா மாறிட்டு இருக்கும். 1979ல அந்தப் பூச்சை உரிச்சு எடுத்துட்டு பழையபடி மண்ணும் வைக்கோலும் கலந்த பூச்சுக்கே திரும்பினாங்க. இப்ப வருஷா வருஷம் ஊர்க்காரங்க கூடி மண் பிசைஞ்சு பூசுறாங்க. அந்த மண் பூச்சு மழையில கொஞ்சம் கொஞ்சமா கரையத்தான் செய்யும், கல்லுக்குப் பதிலா அது தேயணும்ங்கிறதுக்காகத்தான் அதைப் பூசுறதே.

அடுத்தது நிலநடுக்கம். 2003 டிசம்பர் 26ல ஈரான்ல பாம் நகரம் தரைமட்டம் ஆனப்ப 26,000 பேருக்கு மேல இறந்தாங்க, அந்த நகரத்தோட பழைய மண்கோட்டையும் போச்சு. காரணம் மூணு:

1. மண் சுவர் ரொம்ப கனம். கனம் கூடக்கூட நிலம் ஆட்டுற விசையும் கூடும்.

2. அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மூலையில ரெண்டு சுவர் சேர்ற இடம் முதல்ல கிழியும், அப்புறம் ஒவ்வொரு சுவரும் தனியா நின்னு வெளிப்பக்கம் சாயும்.

3. கூரை சுவரோட பிணையாம சும்மா மேல உக்காந்திருந்தா, சுவர் சாயும்போது கனமான கூரை நேரா ஆள் மேல வந்துடும். தூசியும் மண்ணும் மூடிடுறதால மூச்சு விட இடைவெளிகூட கிடைக்காது.

இதை வெச்சு அடோபேவே கொலைகாரப் பொருள்னு முடிவு கட்டுறதும் சரியில்ல. சான் பிரான்சிஸ்கோவுல 1791ல முடிஞ்ச மிஷன் தோலோரெஸ் சர்ச், தடிமனான அடோபே சுவர், 1906 நிலநடுக்கத்தைத் தாண்டி இன்னும் நிக்குது. உயரத்தோட ஒப்பிட்டா தடிமன் அதிகமா இருக்கிற சுவர் வெடிச்சாலும் சாயாம நிக்கும். பெருவோட தலைநகர் லிமாவுல 1746 பெரும் நிலநடுக்கத்துக்கு அப்புறம் கீழ்த்தளம் அடோபே, மேல்தளம் நாணல் பின்னி மண் பூசுன "கின்ச்சா"ன்னு கட்டுற முறை பரவுச்சு, கனத்தைக் கீழயே நிறுத்துற யோசனை அது. இன்னைக்குப் பெருவுல மண் கட்டடத்துக்குன்னே இ.080ன்னு தனி விதித்தொகுப்பு இருக்கு: சுவர் மேல சுத்திவர பிணைப்பு உத்தரம், மூலைக்கு முட்டு, சுவருக்குள்ள நாணலோ வலையோ வெச்சு வலுவூட்டல். லிமாவுல இருக்கிற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1970கள்லேர்ந்து செஞ்ச சோதனை வேலை இதுக்குப் பின்னாடி இருக்கு. அதனால "அடோபி வீடு இடிஞ்சது"ன்னு செய்தி வந்தா, பிணைப்பு இருந்துச்சா, கூரை என்ன, எத்தனை மாடின்னு கேக்கணும், பொருளோட பேர் மட்டும் பதில் சொல்லாது.

வெப்பம் பத்தியும் ஒரு வார்த்தை. அடோபே குளிர்ச்சின்னு பொதுவா சொல்றாங்க. தடிமனான மண் சுவர் பகல் சூட்டை வாங்கி வெச்சுக்கிட்டு பல மணி நேரம் தள்ளி உள்ள விடும், ராத்திரி நல்லா குளிர்ற ஊர்ல சுவர் திரும்ப ஆறிடும், அதான் உயரமான சாண்டா ஃபேவுக்கு அது அவ்வளவு பொருத்தம். ராத்திரியும் வெக்கை இறங்காத, காத்துல ஈரம் ஊறிக் கிடக்கிற கடற்கரை ஊர்ல அதே பலன் கிடைக்காது.

கடைசியா, நம்ம பக்கம் அடோபின்னு பேர் சொல்லி விக்கிற கல். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் பல வருஷமா பரப்புற அழுத்த மண் கல்லை நிறைய பேர் அடோபின்னு சொல்றாங்க. அது நல்ல கல், ஆனா அடோபே இல்ல. லேசான ஈர மண்ணுல 5 சதவீதம் அளவுக்கு சிமெண்ட் கலந்து, பிரஸ்ல வெச்சு அழுத்தி, 4 வாரம் ஈரம் காயாம வெச்சு இறுக விடுறது. அடோபேவை வெயில்ல காயப்போடணும், இதை வெயில்ல காயப்போட்டா சிமெண்ட் இறுகாம கெட்டுப்போகும். ரெண்டுக்கும் அஸ்திவார உயரம், கூரை நீட்டம், பூச்சு, பராமரிப்பு எல்லாமே வேற கணக்கு. "அடோபி வீடு கட்டித் தர்றோம்"னு யாராவது வந்தா மூணு கேள்வி கேளுங்க: சிமெண்ட் கலக்குறீங்களா, வெயில்ல காயவெக்கிறீங்களா தண்ணி விட்டு இறுக்குறீங்களா, வெளிப்பூச்சு என்ன. அவங்க செஞ்ச கல்லுல ஒரு துண்டை வாங்கி ஒரு வாளித் தண்ணியில ராத்திரி போட்டு வைங்க. காலையில கரைஞ்சு அடியில படிஞ்சிருந்தா அடோபே, கரையாம அப்படியே கிடந்தா சிமெண்ட் கலந்த கல்லு.